கருப்பட்டி கேட்ட குழந்தை

ஸ்டானிஸ்லாசுக்கு அன்றைக்கு வேடிக்கைப் பேச்சே வரவில்லை. ராயபுரத்தில் பிறந்து, வியாசர்பாடியில் குத்துச்சண்டை போட்டு மூக்கை உடைத்துக்கொண்டு, அந்த மூக்கையே வைத்து ஊரைச் சிரிக்க வைத்தவன் அவன். துப்பறியும் ரகுபதியிடம் உதவியாளனாகச் சேர்ந்தபின், பிணத்துக்குப் பக்கத்தில் நின்றால்கூட வாயை அடக்கியதில்லை. இன்று தன் வீட்டுக் கூடத்தில் சுவரில் சாய்ந்து நின்று, தங்கை ரோசலின் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோசலின் ஒரு விமானக் கம்பெனியில் பணிப்பெண். நேற்று கொழும்பிலிருந்து வந்த விமானத்தில் தங்கபுஷ்பம் என்கிற ஆறு வயதுக் குழந்தை தனியாக வந்தது. தாய் இல்லாத பிள்ளை. கொழும்பில் கடை வைத்திருக்கும் அப்பா ராசையா, ராயபுரத்தில் இருக்கும் தன் அண்ணன் அய்யாத்துரை வீட்டில் வளரட்டும் என்று அனுப்பியிருந்தார். மீனம்பாக்கத்தில் ஒருத்தி வந்தாள், பெரியம்மா என்றாள், குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சற்றைக்கெல்லாம் அய்யாத்துரை வியர்க்க விறுவிறுக்க வந்து, "எங்கே என் தம்பி பிள்ளை?" என்று கேட்டபோதுதான் எல்லார் தலையிலும் இடி விழுந்தது.

கம்பெனி மானேஜர் இன்று காலை ரகுபதியை அமர்த்தியபோதே தீர்ப்பையும் எழுதி வைத்திருந்தார். "பணிப்பெண்ணும் அந்தக் கள்ளியும் கூட்டு. சாயங்காலத்துக்குள் நீங்கள் வேறு விதமாக நிரூபிக்காவிட்டால் அவளைப் போலீசில் ஒப்படைத்துவிடுவேன். கம்பெனிக்கு இதில் பொறுப்பு இல்லை." அந்தப் பணிப்பெண் யாருடைய தங்கை என்பது அவருக்குத் தெரியாது. ரகுபதியும் சொல்லவில்லை.

"அழுதது போதும் அம்மா," என்றார் ரகுபதி. "வந்தவள் எப்படி இருந்தாள்?"

"அரக்குக் கலர் பட்டுச்சேலை சார். முந்தானையால மொகத்தப் பாதி மூடிகினு இருந்தாங்க. மொகம் பூரா வைசூரித் தழும்பு."

"மெட்ராஸில் பாதிப் பேருக்கு அது இருக்கிறது. அவளை நம்பி எப்படிக் கொடுத்தாய்?"

"இவங்கதான் உங்க பெரியம்மாவான்னு பாப்பாவையே கேட்டேன். ஆமான்னு தலைய ஆட்டிச்சு."

"குழந்தை இதற்கு முன் பெரியம்மாவைப் பார்த்திருக்கிறதா?"

ரோசலின் தலையைக் குனிந்துகொண்டாள். "கொழும்புலயே பொறந்த புள்ள சார்."

"பேஷ்! கண்ணால் காணாதவளைக் குழந்தை அடையாளம் காட்ட வேண்டும். நல்ல கம்பெனி."

"அனுப்புறவங்க பேர் குடுத்த ஆள் கையிலதான் ஒப்படைக்கணும்னு விதி கீது சார். நான் தயங்கினேன். மானேஜர்தான் பக்கத்துல நின்னுகினு, 'வேன் கெளம்புது, குடுத்துட்டு வா'ன்னாரு. இப்ப அந்த எடத்துலயே தான் இல்லன்றாரு."

ஸ்டானிஸ்லாஸ் முஷ்டியை மடக்கினான். "அந்த ஆளு மூக்கும் என் மூக்கு மாரி ஆவணும் வாத்யாரே. அப்பதான் ஞாபகம் வரும்."

"பொறு, ஸ்டானி. ரோசலின், முன்பின் தெரியாதவளிடம் குழந்தை அழாமல் போனதா?"

"அதான் எனக்கும் ஆச்சரியம். பக்கத்து சீட்டு அம்மா சாக்லெட் குடுத்தாங்க, கைய மடக்கிகிச்சு. அவ்ளோ அழுத்தமான புள்ள. இந்த அம்மாவப் பாத்ததும் கைய நீட்டி, 'கருப்பட்டி எங்கே?'ன்னுச்சு. அவுங்க இடுப்புலேர்ந்து ஒரு சில்லுக் கருப்பட்டி எடுத்தாங்க. பாப்பா கடிச்சுப் பாத்துட்டு, 'சுக்கு இருக்கு'ன்னு சொல்லி, கையப் புடிச்சுகினு போயிட்டுது."

ரகுபதியின் கண் சுருங்கியது. தெற்கத்தி வியாபாரிகள் முகம் தெரியாத ஆளிடம் சரக்கை ஒப்படைக்கும்போது இப்படி ஏதாவது ஒரு பொருளை அடையாளமாகப் பேசி வைப்பது உண்டு. ராசையா தன் குழந்தைக்கும் அதையே சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்படியானால் வந்தவளுக்கு அய்யாத்துரை வீட்டு ரகசியம் தெரிந்திருக்கிறது.

"பெட்டி ஏதாவது?"

"தகரப் பெட்டி சார். செம கனம். போர்ட்டர வேணான்னுட்டு அவுங்களே தலையில வெச்சுகினு போனாங்க."

"ஒரு கை பெட்டியில், ஒரு கையில் குழந்தையா?"

ரோசலின் அழுகையை மறந்து யோசித்தாள். "இல்ல. ஒரு கையில பாப்பா. இன்னொரு கையால முந்தானையப் புடிச்சிருந்தாங்க. பொட்டிய யாருமே புடிக்கல. அது பாட்டுக்குத் தலையில ஒக்காந்துகினு போச்சு."

ரகுபதி எழுந்துவிட்டார்.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் அய்யாத்துரையின் கருப்பட்டி மண்டி. கீழே கடை, மேலே குடித்தனம். அய்யாத்துரை ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிடப் பெரிசு.

"எந் தம்பி எங்கிட்ட வாயத் தொறந்து கேட்ட மொத உதவி வே இது! எம் மவன் செல்வத்துக்குத் துணையா வளரட்டும்னு அனுப்புனான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? அந்தக் கம்பெனிக்காரன உள்ள தள்ளாம விடமாட்டேன்!"

"நேற்று நீங்கள் ஏன் தாமதமாகப் போனீர்கள்?"

குரல் சட்டென்று இறங்கியது. "வீட்டுல ஒரு சோலி. கெளம்புத நேரத்துல அவ கூப்புட்டா. அத விடும்."

"கருப்பட்டி அடையாளம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"தம்பிக்கும் எனக்கும். பெறவு என் வீட்டுக்காரிக்கு. அவதான் சில்லு எடுத்து முடிஞ்சு தந்தா." அய்யாத்துரை மடியை அவிழ்த்தார். வாழை மட்டையில் பொதிந்த கருப்பட்டித் துண்டு ஒன்று அப்படியே இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய மனிதர் சின்னப் பிள்ளைபோல விசும்பினார். ஸ்டானிஸ்லாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசலாமா?"

"மாடிக்கு எதுக்கு? செல்வம் தூங்குதான். சோடா வாங்கித் தாரேன், குடிச்சிட்டுப் போங்க."

ரகுபதி சோடாவை மறுத்துவிட்டு வெளியே வந்து, சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்துக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டு வேளை. சந்து முழுக்கக் கடுகும் வெங்காயமும் மீன் குழம்பும் கலந்து மணந்தது. அய்யாத்துரை வீட்டுக் கொல்லைவாசல் படியில் கொழுத்த பூனை ஒன்று உட்கார்ந்து, சந்து முனையையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. ரகுபதி தட்டியதும் கதவு பாதி திறந்தது. அய்யாத்துரையின் மனைவி ஆவுடையம்மாள் நின்றாள். தலையில் எண்ணெய் பட்டு வெகு நாளாகியிருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. வாங்க என்று அவள் சொல்லவில்லை.

"யம்மா, கொஞ்சம் தண்ணி குடும்மா. தொண்டையெல்லாம் காஞ்சு கீது," என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

"தெருக்கொழாயில குடிச்சுக்கிடுங்க."

ரகுபதி ஒன்றும் கேட்காமல் மூக்கை மட்டும் லேசாகத் தூக்கி உள்ளே மோந்து பார்த்தார். அவர் கேட்காவிட்டால் என்ன? ஸ்டானிஸ்லாசுக்குப் பொறுக்கவில்லை.

"யம்மா, அந்தக் கொயந்தையக் குடுத்தது என் தங்கச்சி. ஒரு பாவமும் அறியாத பொண்ணு. சாயங்காலம் போலீசு வந்து இட்டுகினு பூடுவாங்க. அப்பால ஆரு அவளக் கட்டிக்குவான்? ஆரு வேலை குடுப்பான்? உனுக்கு எதுனா தெரிஞ்சா சொல்லும்மா."

ஆவுடையம்மாளின் கை கதவை இறுகப் பற்றியது. "பொட்டப்பிள்ளையையா புடிக்காவ?" என்றாள் மெதுவாக. உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தெருமுனை சோடாக் கடையில் ரகுபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மண்டிக்கார வீட்டுக்கு யாரப்பா மீன் போடுகிறது?"

"எண்ணூரு பவுனம்மா. முகத்துவாரக்குப்பம். கொஞ்ச நாளா அந்த வூட்டாண்ட கூடைய எறக்குறதில்ல."

எண்ணூர் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டானிஸ்லாஸ் வெடித்தான். "இன்னா வாத்யாரே, தங்கச்சி ஜெயிலுக்குப் போவப் போறா, நீ மீன் வாங்கப் போறே!"

"கனமான பெட்டியைக் கூட்டத்தில் கை படாமல் தலையில் கொண்டுபோக யாரால் முடியும்? பட்டுச்சேலை கட்டிப் பழகியவளாலா? பிறந்தது முதல் மீன்கூடை சுமந்தவளால் முடியும். சேலையை மாற்றலாம், கழுத்து பழகின பழக்கத்தை மாற்ற முடியாது."

"அப்ப அந்த மண்டிக்காரம்மாதான் ஆள் வெச்சு தூக்கிச்சு? சொந்தக் கொழுந்தன் புள்ளைய எதுக்கு வாத்யாரே தூக்கணும்?"

"அதைத்தான் அந்தப் பூனை கத்திக் கத்திச் சொல்லிற்று. நமக்குத்தான் காது இல்லை."

மற்ற நாளாயிருந்தால் ஸ்டானிஸ்லாஸ் இதற்குப் பத்துப் பதில் வைத்திருப்பான். இன்று ஜன்னல் வழியே உப்பளங்களைப் பார்த்தபடி, ரோசலின் தன் முதல் சம்பளத்தில் அவன் கேட்ட சட்டையை வாங்கி வந்த நாளை நினைத்துக்கொண்டிருந்தான்.

குப்பத்தில் கட்டுமரங்களின் நிழலில் நாலைந்து பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் காலில் சாக்ஸ் போட்டிருந்தது.

"பாப்பா! தங்கபுஷ்பம்!" ஸ்டானிஸ்லாஸ் ஓடிப்போய் மண்டியிட்டான். "வாம்மா கண்ணு, போலாம்."

குழந்தை அவனை ஏற இறங்கப் பார்த்தது. கையை நீட்டியது. "கருப்பட்டி எங்கே?"

அவன் சட்டைப்பையைத் துழாவினான். பீடிதான் இருந்தது. குழந்தை திரும்பி ஒரே ஓட்டமாகக் குடிசைக்குள் ஓடிவிட்டது. இந்த விவகாரம் முழுவதிலும் சொன்ன விதியைச் சொன்னபடி காப்பாற்றியது அது ஒன்றுதான்.

குடிசைக்குள்ளிருந்து முகம் நிறையத் தழும்புள்ள ஒரு பெண்பிள்ளை முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். "ஆர்ரா அவன் கஸ்மாலம்? கொயந்த மேல கை வெச்சே, கைய ஒடச்சிருவேன்!"

"நீதான் திருடி! என் தங்கச்சி உன்னாலதான்..." என்று ஸ்டானிஸ்லாஸ் பாய்ந்தான்.

ரகுபதி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். பவுனம்மாளிடம் சாவகாசமாக, ஊர்க்காரரை விசாரிப்பதுபோலக் கேட்டார். "பவுனம்மா, செல்வத்துக்கு இப்போ எப்படி இருக்கிறது? வைசூரி இறங்குகிறதா?"

பவுனம்மாள் செருகிய முந்தானையை அவிழ்த்துவிட்டாள். அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

"உனுக்கு எப்டித் தெரியும் நைனா? அந்த அம்மா ஆராண்டயும் மூச்சு வுடலியே."

"வைசூரியா?" ஸ்டானிஸ்லாசின் கை தானாகக் கீழே இறங்கியது.

"சாப்பாட்டு வேளையில் தாளிக்கிற வாசனையே வராத வீடு," என்றார் ரகுபதி. "தலைக்கு எண்ணெய் இல்லை. வந்தவனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் தரவில்லை. தினம் மீன் தின்ற பூனை பட்டினி கிடக்கிறது. ஆத்தா வந்திருக்கிற வீட்டில் இதெல்லாம் வழக்கம்தானே? வாசலில் வேப்பிலை ஒன்றுதான் குறை. அதைக் கட்டினால் கார்ப்பரேஷன்காரர்கள் பார்த்துவிடுவார்கள். பையனைத் தொத்துநோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து கட்டவில்லை."

பவுனம்மாள் மூக்கைச் சிந்தினாள். "புள்ள கண்ணே தொறக்கல நைனா. இந்த நேரத்துல கொழும்புலேர்ந்து கொயந்த வருது. வேணான்னு அந்த அம்மா காலப் புடிச்சுக் கெஞ்சிச்சு. 'எந் தம்பி புள்ள என் வூட்லதான் எறங்கணும், ஆத்தா பாத்துக்குவா'ன்னு அந்த ஆளு ஒத்தக் கால்ல நின்னாரு. அம்மாவுக்கு வேற வயி தெரியல. சந்துல தூர நின்னுகினு என்னக் கூப்ட்டு அழுதுச்சு. 'ஒனக்கு ஒரு தடவ வந்து போயிட்டு. இனிமே வராது. உன் கை ஒண்ணுதான் சுத்தம், பவுனு'ன்னுச்சு."

ஸ்டானிஸ்லாஸ் அவள் முகத்தைப் பார்த்தான். போலீசில் அடையாளம் சொல்ல அவன் மனத்தில் குறித்து வைத்திருந்த தழும்பு. அந்தத் தழும்பை நம்பித்தான் ஒருத்தி பிள்ளையை ஒப்படைத்திருக்கிறாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"கட்டியிருந்த பட்டு அந்த வீட்டுடையதா?" என்று ரகுபதி கேட்டார்.

"அய்யய்யோ! எங்கக்கா பொண்ணு கண்ணாலத்துக்கு எட்த்தது. அந்த வூட்டுத் துணி ஒண்ணும் தொடாதன்னு அம்மா சொல்லிச்சு. கருப்பட்டிகூட வேற கடைலதான் வாங்கினேன்."

குழந்தை மெல்ல வெளியே வந்து அவள் மடியில் சாய்ந்தது. ரகுபதி அதன் கவுன் கையைத் தூக்கிப் பார்த்தார். அம்மை குத்திய வடு இல்லை. "இதைக்கூடப் பார்க்காமல் விமானத்தில் ஏற்றியிருக்கிறார்கள்," என்று பல்லைக் கடித்தார்.

"சரி வாத்யாரே. இத்த அப்டியே மானேஜராண்ட சொல்லு. ரோசலின் தப்பிச்சா."

"சொல்லலாம். ஏன் எடுத்துப் போனாள் என்று கேட்பான். அதைச் சொன்ன நிமிஷம் செல்வத்துக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும்."

"சொல்லாங்காட்டி?"

"கீழே மண்டி இருக்கிறதே ஸ்டானி. ஊரே அங்கே கருப்பட்டி வாங்குகிறது. சொல்லித்தான் ஆகவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதை அந்தத் தாய் நம்பமாட்டாள்."

ஸ்டானிஸ்லாஸ் மணலைக் காலால் கிளறினான். காலையிலிருந்து அவன் கேட்டதெல்லாம் தங்கையின் தலை தப்பவேண்டும் என்பது ஒன்றுதான். அது கையில் வந்துவிட்டது. அதற்கு ஈடாக இன்னொருத்தியின் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

"போலாம்," என்றான்.

பவுனம்மாள் ஒரு துண்டுக் கருப்பட்டியை அவன் கையில் வைத்தாள். அதைக் கொடுத்தபிறகுதான் குழந்தை அவனிடம் வந்தது. வழியில் ஒரு டாக்டரிடம் அம்மை குத்தி, கையில் கட்டோடு தூக்கிக்கொண்டு ராயபுரம் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

மண்டித் தெருவில் கூட்டம். ஆனால் எல்லாரும் எதிர்ச்சாரியில் ஒதுங்கி நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் நின்றார், மானேஜர் நின்றார், நடுவே ரோசலின் முகம் வெளுத்து நின்றாள். அய்யாத்துரை தெரு ஓரத்தில் தனியாகக் குந்தியிருந்தார். மண்டியின் பலகைகள் அடைத்திருந்தன. முன்வாசல் நிலையில், தெருவே பார்க்கும்படி, கொத்துக் கொத்தாக வேப்பிலை தொங்கியது.

படியில் ஆவுடையம்மாள் நின்றிருந்தாள். சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பிள்ளையத் தூக்கச் சொன்னது நாந்தான். அந்தப் பொட்டப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அத விடுங்க. வேப்பிலையக் கெட்டிட்டேன். ஒங்களுக்கு ஆள் விட்டாப்புல சுகாதார ஆபீசுக்கும் ஆள் விட்டுட்டேன்."

ஸ்டானிஸ்லாஸ் அப்படியே நின்றுவிட்டான். அவன் சொல்ல அஞ்சியதை, மத்தியானம் அவன் பேசிய பேச்சைக் கேட்டு, அவளே சொல்லிவிட்டாள். அவன் கண் நிறைந்துவிட்டது.

குழந்தையைக் கண்டதும் மானேஜருக்கு உயிர் வந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆகா, குழந்தை கிடைத்துவிட்டது! ரோசலின், விதிப்படி பெரியப்பாவிடம் ஒப்படைத்துவிடு. கம்பெனியின் பொறுப்பு தீர்ந்தது."

"தாராளமாக," என்றார் ரகுபதி. "பேர் கொடுத்த ஆள் அதோ. அவர் வீடு அதோ. ஆனால் அவள் எதற்கு? பொறுப்பு உங்களுடையது. குழந்தையின் கையைப் பிடித்து நீங்களே உள்ளே விட்டுவிட்டு வாருங்கள்."

மானேஜர் வேப்பிலையைப் பார்த்தார். கால் நகரவில்லை. எதிர்ச்சாரியில் யாரோ காறித் துப்பினார்கள்.

"நேத்து நான் விதிப்படி நடந்திருந்தா பாப்பா அந்த மாடியிலதான் படுத்திருக்கும்," என்றாள் ரோசலின். மானேஜரைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஆனா அது தெரிஞ்சு நான் குடுக்கல சார். நீங்க அவசரப்படுத்தினீங்க, நானும் கண்ண மூடிகினு குடுத்தேன். அது கெட்ட கையா இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்போம்?"

சப்-இன்ஸ்பெக்டர் மானேஜரின் பக்கம் திரும்பினார். "நீங்கள் அந்த இடத்திலேயே இல்லை என்றீர்களே?" மானேஜர் கர்ச்சீப்பைத் தேடினார்.

அப்போது அய்யாத்துரை எழுந்தார். மடியிலிருந்த கருப்பட்டித் துண்டு எப்படியோ அவர் கைக்கு வந்திருந்தது. நேற்றிலிருந்து அதைத் தொட்டுத் தொட்டு வாழை மட்டை கந்தலாகியிருந்தது. ஸ்டானிஸ்லாசின் தோளிலிருந்து குழந்தை அதைப் பார்த்துவிட்டது.

"பெரியப்பா!" என்று கத்தியது. "எங்க பெரியப்பா!" வழுக்கி இறங்கி, கையை நீட்டிக்கொண்டு தெருவைக் கடந்து ஓடியது.

அய்யாத்துரை இரண்டு கையையும் விரித்தார். மறுகணம் விரித்த கைகளைப் பார்த்தார். விடிய விடிய மகனைத் துடைத்துவிட்ட கைகள். அந்தப் பெரிய மனிதர் பின்பக்கமாகவே நடந்து சுவரில் முட்டிக்கொண்டார்.

"வராத! எந் தாயி, கிட்ட வராத! யாராவது பிள்ளையப் புடிங்கய்யா!"

ரோசலின்தான் பாய்ந்து பிடித்தாள். குழந்தை அவள் கையில் திமிறி அழுதது. "கருப்பட்டி வச்சிருக்காங்களே, ஏன் போறாங்க?"

"தாயி," என்றார் அய்யாத்துரை சுவரோடு ஒட்டிக்கொண்டு, ரோசலினிடம். "எம் பிள்ளைக்கு அம்மை எறங்கித் தலைக்குத் தண்ணி ஊத்துத வரைக்கும் நீயே வச்சுக்கிடு. ஒன் கையில குடுத்தேன்னு நானே சொல்லுதேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

கல்மண்டபம் பக்கத்திலிருந்து மூடிய வண்டி ஒன்று மெதுவாகத் திரும்பி வந்தது. கூட்டம் இன்னும் பின்வாங்கியது. ஆவுடையம்மாள் யாரையும் கூப்பிடவில்லை. மேலே போய், வாழையிலையும் வெள்ளைத் துணியும் சுற்றிய மகனைத் தானே மார்பில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். வண்டிக்காரன் கையை நீட்டினான்.

"நானும் வாரேன்," என்றாள் அவள். "கொண்டுபோய் விடுத வரைக்கும் எம் பொறுப்பு."